‘ஏதோ குறையுது’ என்று இயக்குநர் சொன்னால்

கேள்வி:

மூன்று வருடமாக எடிட்டிங் செய்கிறேன். இதுவரை குறும்படங்களும் நிறுவனங்களுக்கான வீடியோக்களும்தான். இப்போதுதான் முதல்முறையாக ஒன்றரை மணி நேர ஆவணப்படம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஆறாவது வெர்ஷன் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இயக்குநர் பார்த்துவிட்டு, “ஏதோ குறையுது”, “நடுவுல இழுக்குது”, “அந்த அம்மா அழற இடம் மனசுல ஒட்டல” என்கிறார். சொன்ன இடத்தையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மாற்ற மாற்றப் படம் மோசமாகிறது. என் முதல் கட்தான் நன்றாக இருந்தது என்று தோன்றுகிறது. இப்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்து “இங்க வெட்டு, அங்க வெட்டு” என்கிறார். நான் பொத்தானை அமுக்குகிறேன். எடிட்டர் என்றால் இவ்வளவுதானா? விலகிவிடலாமா? விலகினால் டைட்டிலில் பெயர் வருமா? கூடவே ஒரு சின்னத் தொல்லை. டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. கைபேசியில் எடுத்த சில பேட்டிகளில் போகப் போகக் குரலும் உதடும் பிரிந்துவிடுகின்றன. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்:

வணக்கம். புதுக் கம்ப்யூட்டர் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் இயக்குநர் சொன்ன மூன்று வாக்கியங்களைப் பார்ப்போம்.

மூன்றிலுமே அவர், படம் பார்க்கும்போது தனக்கு என்ன ஆனது என்றுதான் சொல்லியிருக்கிறார். படத்தில் எங்கே கோளாறு என்று சொல்லவில்லை. நீங்களோ அதை இடம் காட்டும் குறிப்பாக எடுத்துக்கொண்டு, அவர் விரல் நீட்டிய இடத்தையே ஆறு முறை வெட்டியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் பட்டது இதுதான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறும்படத்தில் இந்த வழி பலிக்கும். பத்து நிமிடப் படத்தில் வலிக்கிற இடமும் காரணமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். தொண்ணூறு நிமிடப் படத்தில் அப்படியில்லை. எழுபதாவது நிமிடத்தில் பார்ப்பவர் ஒட்டாமல் போவதற்கான காரணம் பன்னிரண்டாவது நிமிடத்தில் கிடக்கலாம்.

குலெஷோவ் என்ற ரஷ்யர் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு செய்துகாட்டியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே நடிகரின் ஒரே முகம். அதோடு சூப் கிண்ணத்தை ஒட்டினால் அவர் பசியோடு இருப்பதாகவும், சவப்பெட்டியை ஒட்டினால் துக்கத்தில் இருப்பதாகவும் பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். எடிட்டிங் கற்றுத்தருகிற எவரும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். அதன் மறுபக்கத்தைச் சொல்பவர்கள் குறைவு. ஒரு ஷாட்டின் அர்த்தம் அதற்கு முன்னால் வந்ததில் இருக்கிறது என்றால், ஒரு காட்சி வேலை செய்யாததற்கான காரணமும் முன்னால் வந்ததில்தானே இருக்க முடியும்? பத்தில் ஆறேழு குறிப்புகளுக்கு நான் கை வைப்பது, சொன்ன இடத்துக்கு ரொம்ப முன்னால்தான்.

உங்கள் படத்தில் இருப்பதுபோலவே, அழும் பெண் ஒருவர் வரும் ஆவணப்படத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையைப் பற்றிய படம் அது. முதலில் வேலை பார்த்த எடிட்டர் வேறு வேலை வந்து போய்விட்டதால் பாதியில் என்னிடம் வந்தது. கடைசிப் பகுதியில், அங்கே வேலை பார்த்த ஓர் அம்மா பூட்டிய கேட் முன்னால் நின்று அழுவார். பார்த்தவர்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த ஒரு காட்சிக்குள் இல்லாத வேலையே இல்லை. குளோசப் போட்டிருந்தார்கள், வயலின் சேர்த்திருந்தார்கள், வேகத்தைக் குறைத்திருந்தார்கள். ஒரு வெர்ஷனில் காட்சி நீளம், இன்னொன்றில் பாதி.

நான் அந்த அம்மா படத்தில் முதன்முதலாக வரும் இடத்துக்குப் போனேன். “எத்தனை வருஷம் இங்க வேலை பாத்தீங்க?” என்று கேள்வி. வெட்டி வைத்திருந்த வெர்ஷனில் உடனே பதில் வருகிறது: “இருபத்திரண்டு வருஷம்.” இடையில் ஓர் இயந்திரத்தின் ஷாட். அதாவது அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், வெட்டை மறைக்க மேலே படம் போட்டிருக்கிறார்கள். சரி, எதை வெட்டினார்கள் என்று மூல ஃபுட்டேஜைத் திறந்து பார்த்தேன். கேள்வி முடிந்ததும் அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுகிறார். பாதியில் எண்ணுவது நின்றுவிடுகிறது. ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்க்கிறார். மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் விழுகிறது. அப்புறம்தான் “இருபத்திரண்டு” என்கிறார், வேறு யாருடைய கணக்கையோ சொல்வதுபோல. மொத்தம் ஐந்து விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 120 ஃபிரேம்.

அந்த ஐந்து விநாடி இல்லாதவரை அவர் படத்துக்குத் தகவல் கொடுக்க வந்த ஒருவர், அவ்வளவுதான். அதைத் திருப்பி வைத்து இயந்திர ஷாட்டை எடுத்தேன். கேட் காட்சியில் நான் செய்ததெல்லாம் வயலினை எடுத்தது மட்டும்தான். அடுத்த முறை போட்டுக் காட்டியபோது கேட் காட்சியைப் பற்றி யாரும் எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. எடிட்டிங் அறையில் அதுதான் பாராட்டு.

உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நிறுவன வீடியோக்களிலிருந்து வந்தவர். அந்த வேலை கையில் ஒரு பழக்கத்தை ஏற்றிவிடுகிறது: பேட்டியைச் ‘சுத்தம்’ செய்வது. ‘ம்’, ‘அது வந்து’, இழுவை, இடைவெளி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வெட்டுகளின் மேல் ஒரு கட்டடத்தையோ கம்ப்யூட்டர் தட்டும் கையையோ போட்டு மூடுவது. இரண்டு நிமிட வீடியோவில் அது சரி, அங்கே பேச்சுதான் சரக்கு. ஆவணப்படத்தில் பேசுகிற ஆள்தான் சரக்கு. அவர் எதைச் சொல்லத் தயங்குகிறார், எந்த வார்த்தையைத் தேடுகிறார், கேள்வி கேட்டவரை எப்போது நம்ப ஆரம்பிக்கிறார் என்பதெல்லாம் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. அதற்காக எல்லா இடைவெளியையும் திருப்பி வைக்காதீர்கள், படம் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். ஓர் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ போதும், அவர் வந்த புதிதில். ஆளைப் பிடித்துக்கொண்ட பிறகு அவர் பேச்சை எவ்வளவு இறுக்கினாலும் பார்ப்பவர் கூடவே வருவார்.

ஆகவே இன்று உட்கார்ந்தால், அழும் காட்சியைத் தொடாதீர்கள். அந்த அம்மா முதலில் எங்கே வருகிறார், முகம் முன்னால் வருகிறதா குரல் முன்னால் வருகிறதா, பெயர் எழுத்து எப்போது விழுகிறது, முதல் வாக்கியம் தகவலா அவரைப் பற்றியதா என்று பாருங்கள். அவர் பேசாமல் ஏதாவது வேலை செய்யும் ஷாட் ஒன்று பேட்டிக்கு முன்னால் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் ஊகம்.

அடுத்தது “நடுவுல இழுக்குது”. இதைக் கேட்டவுடன் எல்லோரும் செய்வது ஷாட்களைக் குட்டையாக்குவது. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். விசித்திரம் என்னவென்றால், அப்படிக் குட்டையாக்கினால் படம் இன்னும் நீளமாகத் தெரியும். ஒரு ஷாட்டுக்குள் நுழைந்து உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் பார்ப்பவர் எதிலும் ஒட்டாமல் வெளியே நிற்பார், வெளியே நிற்பவருக்குத்தான் நேரம் நகராது. படம் இழுப்பதற்கு ஷாட்டின் நீளம் காரணமாக இருப்பது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் தெரிந்ததையே திரும்பச் சொல்வதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை. அட்டையில் காட்சியின் பெயரை எழுதாதீர்கள். ‘இந்தக் காட்சி முடிந்ததும் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது அல்லது என்ன சந்தேகம் வருகிறது’ என்று ஒரே வரி. சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நடுப்பகுதியில் மூன்று அட்டைகளில் ஏறக்குறைய ஒரே வரி இருப்பதைப் பார்ப்பீர்கள். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடங்கள், எல்லாமே அழகான ஷாட்கள், ஆனால் மூன்றும் சொல்வது ‘நிலைமை மோசம்’ என்பதைத்தான். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை எடுங்கள். எதை வைப்பது என்று குழம்பினால் அடுத்த காட்சிக்குள் இயல்பாகக் கொண்டுபோய் விடுவதை வையுங்கள். ஒரு வரியும் எழுத வராத அட்டை ஒன்றிரண்டு இருக்கும். அவை பெரும்பாலும் இயக்குநர் ரொம்பக் கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்களாக இருக்கும், அதனால்தான் இன்னும் படத்தில் இருக்கின்றன.

இதில் எடிட்டருக்கு ஒரு சாதகம் உண்டு. ஷூட்டிங்கில் அவர் இல்லை. மழையில் மூன்று இரவு காத்திருந்து எடுத்த ஷாட்டும், டீ குடிக்கப் போகும்போது சும்மா எடுத்த ஷாட்டும் அவருக்கு ஒன்றுதான். நான் முதல் ரஃப் கட் (படத்தின் தோராயமான முதல் வடிவம்) முடியும்வரை ஷூட்டிங் கதைகளைக் கேட்பதில்லை. இயக்குநர் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். கதையைக் கேட்டுவிட்டால் அந்த ஷாட்டில் இல்லாததெல்லாம் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் ஆறு வெர்ஷன் பார்த்த பிறகு இந்தச் சாதகம் உங்களிடமும் மிச்சமிருக்காது. புதுக் கண்கள் வேண்டும். விஷயம் தெரியாத மூன்று நான்கு பேர் போதும். அவர்களுக்குப் பின்னால் உட்காருங்கள், திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். யார் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், எங்கே கைபேசியைத் தொட்டார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்பார்கள். “கதையைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். தப்பாகச் சொல்லும் இடத்தில் படம் தெளிவாக இல்லை. சொல்லாமல் தாண்டிப்போகும் இடம் இல்லாவிட்டாலும் படம் ஓடும்.

“ஏதோ குறையுது” என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. டைம்லைனில் தற்காலிகமாகப் போட்டிருக்கும் இசை எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டுப் படத்தை முழுதாகப் பாருங்கள். டெம்ப் மியூசிக் மாதிரி எடிட்டரை ஏமாற்றுவது வேறெதுவும் கிடையாது. வேறு ஏதோ ஒரு படத்துக்காக யாரோ செய்த நல்ல இசை உங்கள் தளர்ந்த வெட்டுகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதை எடுத்தவுடன் எந்தக் காட்சி தன் காலில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும். இன்னொரு நாள் ஒலியை முழுதாக அணைத்துவிட்டு வெறும் படம். மற்றொரு நாள் கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஒலி. ஒலியை மட்டும் கேட்கும்போது, வாக்கியத்தின் நடுவில் வெட்டி ஒட்டிய இடங்களில் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் காதில் குத்தும். பார்ப்பவருக்கு அது என்னவென்று சொல்லத் தெரியாது, ‘இந்த ஆளை நம்ப முடியல’ என்று மட்டும் தோன்றும்.

இனி ‘பொத்தான்’ விவகாரம். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டச் சொல்வது உங்களை அவமதிப்பதற்காக அல்ல. பெரும்பாலும் பயம்தான். ஆறு முறை சொல்லியும் சரியாகவில்லை, தானே செய்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். இதை நிறுத்த ஒரே வழி, பேச்சை ‘எங்கே வெட்டுவது’ என்பதிலிருந்து ‘எங்கே என்ன ஆனது’ என்பதற்கு மாற்றுவது. அடுத்த முறை இருவரும் படத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாருங்கள். கீபோர்டு எட்டாத தூரத்தில் உட்காருங்கள், முடிந்தால் வேறு அறையில், பெரிய திரையில். ஆளுக்கொரு தாள். தீர்வு எழுதக் கூடாது, உணர்ந்ததை மட்டும் எழுத வேண்டும். முடிந்ததும் அவரிடம் கேளுங்கள்: “எந்த இடத்துல உங்க நினைப்பு வேற எங்கயோ போச்சு?” அவர் “அந்த ஷாட்டை வெட்டிடலாம்” என்றால், “அந்த ஷாட் வரும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு?” என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் எரிச்சல்படுவார். பரவாயில்லை. அப்புறம், “இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் தனியாக வேண்டும்” என்று கேட்டு வாங்குங்கள். காரணத்தைத் தேடும் வேலையை ஒருவர் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ய முடியாது.

அவர் ஓர் இடத்தில் பிடிவாதமாக இருந்தால் அவர் சொன்னதை முதலில் செய்யுங்கள், முழு மனதோடு, ஒலியெல்லாம் மெழுகி. பிறகு உங்கள் யோசனையை இரண்டாவதாகக் காட்டுங்கள். அவர் சொன்னதை அரைகுறையாகச் செய்துவிட்டு “பாத்தீங்களா, நல்லா இல்ல” என்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். இயக்குநர்கள் நாம் நினைப்பதைவிட விவரமானவர்கள். அதைவிட முக்கியம், அவர் சொன்னதை ஒழுங்காகச் செய்து பார்த்தால் சில சமயம் அது நன்றாகவே இருந்து தொலைக்கும்.

உங்கள் முதல் கட் விஷயத்தில் நீங்கள் பாதி சரி என்று நினைக்கிறேன். திறந்து முழுதாகப் பாருங்கள். இரண்டு மூன்று இடங்கள் உண்மையிலேயே இப்போதிருப்பதைவிட நன்றாக இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துவந்து ஆறாவதில் வையுங்கள். மற்றபடி முதல் கட்டின் மேல் இருக்கும் ஆசை, அந்த ஃபுட்டேஜை முதன்முதலாகப் பார்த்த சந்தோஷத்தின் மிச்சம்.

ஆறு வெர்ஷன் என்பது இந்தக் காலத்தில் அதிகமும் இல்லை. கணக்கு ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. பிலிமை ஓட்டிப் பார்த்து எடிட் செய்யும் மூவியோலா என்ற இயந்திரம் 1924-இல் வந்தது. அதிலும், பிறகு வந்த ஸ்டீன்பெக் மேசையிலும், எடிட்டர் கையில் இருந்தது நிஜமான பிலிம். 35 மிமீ பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். வெட்டி, டேப்பால் ஒட்டி, மிச்சத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு வேலை செய்தார்கள். இன்னொரு விதமாகப் பார்க்க வேண்டுமென்றால் இருக்கிற வெர்ஷனைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் கை வைப்பதற்கு முன்னால் நிறையப் பேசினார்கள். 1989-இல் அவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் கருவி வந்தபிறகு நிலைமை மெல்ல மாறியது. இப்போது டைம்லைனைப் பிரதி எடுக்க ஒரு நொடி போதும். பழையதுதான் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. தொலைந்துபோன இரண்டு ஃபிரேமைத் தரையில் தேடிய தலைமுறையிடம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அந்தப் பேச்சை நாம் விட்டிருக்க வேண்டாம். ஏழாவது வெர்ஷன் எதற்காக என்று இருவரும் ஒரு வரி எழுதி ஒப்புக்கொள்ளும்வரை ஏழாவதைத் தொடங்காதீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது எண்ணும் தேதியும் போடுங்கள். ‘ஃபைனல்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

“எனக்கு என்ன உரிமை” என்று நேரடியாக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் அடியில் அதுதான் இருக்கிறது. எடிட்டரின் உரிமை என்பது வேலை தொடங்கும் முன் எழுதி வைத்துக்கொண்டதுதான். அமெரிக்காவில் இயக்குநர்கள் சங்க ஒப்பந்தத்தில், முழுநீளத் திரைப்படத்தின் இயக்குநர் தன் வெர்ஷனை முடிக்கப் பொதுவாக 10 வாரம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இயக்குநருக்கே அப்படி என்றால் நாம் எந்த மூலை? பெரிய ஒப்பந்தம் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். எத்தனை சுற்றுத் திருத்தம் இந்தச் சம்பளத்துக்குள் அடங்கும்? அதற்கு மேல் போனால் என்ன கணக்கு? தயாரிப்பாளர், இயக்குநர், அவருடைய நண்பர் என்று ஆளாளுக்குச் சொல்வதைத் தொகுத்து ஒரே குறிப்பாகத் தரப்போவது யார்? பணம் எந்தெந்தக் கட்டத்தில் வரும்? புராஜெக்ட் கோப்பு யாருக்குச் சொந்தம்? டைட்டிலில் பெயர் எப்படி வரும்? பாதி வேலையில் இருக்கும்போதும் இதைக் கேட்கலாம்: “ஏழாவது வெர்ஷனுக்கு முன்னால் இதையெல்லாம் பேசிவிடலாம்” என்று.

முக்கியமாகப் பிக்சர் லாக் தேதி, அதாவது இதற்குப் பிறகு வெட்டுகளில் மாற்றமே இல்லை என்று முடிவு செய்யும் நாள். இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறோம் என்று இயக்குநருக்கு விளக்குங்கள். லாக் ஆனதும் ஒலி வடிவமைப்பாளருக்கு ஒலித் தடங்களை, வெட்டுகளின் விவரத்தோடு ஏஏஎஃப் என்ற வகைக் கோப்பாக, ஒவ்வொரு துண்டின் இருபுறமும் கொஞ்சம் உபரி ஒலியோடு அனுப்புகிறோம். படத்தின் நிறத்தைச் சீர்செய்பவருக்கு வெட்டுகளின் பட்டியலை எக்ஸ்எம்எல் அல்லது ஈடிஎல் கோப்பாக அனுப்புகிறோம். இருவருக்கும் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்) பதித்த ஒரு பார்வைப் பிரதி. படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு பீப். அந்தப் பீப்பை வைத்துத்தான் எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள். இதற்குப் பிறகு நீங்கள் இருபதாவது நிமிடத்தில் வெறும் பத்து ஃபிரேமை எடுத்தாலும், அதற்கு அப்பால் இருக்கும் எழுபது நிமிட ஒலியும் பத்து ஃபிரேம் தள்ளிப்போகும். எல்லாத் தடத்தையும் இழுத்துப் பொருத்தி, மறுபடி சரிபார்க்க வேண்டும். ‘சின்ன மாற்றம்தானே’ என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

சரி, கம்ப்யூட்டர். உங்கள் கேமராவும் கைபேசியும் பதிவது எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, அவை எல்லா ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. அங்கங்கே ஒரு முழு ஃபிரேம், நடுவில் இருப்பவை அதிலிருந்து என்ன மாறியது என்ற விவரம் மட்டும். ஒரு ஃபிரேமைக் காட்ட முன்பின் இருப்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட வேண்டியிருப்பதால்தான் திக்குகிறது. ப்ரோரெஸ் ப்ராக்ஸியிலோ டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியிலோ ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டுமான, எளிதாக ஓடும் நகல்) எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரே ஓடும்.

உதடு பிரிவதற்கு, கைபேசி சீரான ஃபிரேம் வேகத்தில் பதியாததுதான் அநேகமாகக் காரணம். வெளிச்சம், சூடு எல்லாவற்றுக்கும் தக்கபடி வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும், எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால் நீளமான பேட்டியின் கடைசியில் விலகல் தெரியும். அந்தக் கிளிப்புகளை மட்டும் உங்கள் டைம்லைனின் வேகத்தில் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, மீண்டும் இணையுங்கள். ஏற்கெனவே வெட்டிய இடங்கள் ஓரிரு ஃபிரேம் நகர்ந்திருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். அடுத்த படத்தில் இந்த மாற்றத்தை முதல் வெட்டுக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும்.

கேட்காத ஒன்று: மூலப் பதிவுகள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். புராஜெக்ட் கோப்பு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். தினமும் வேலை முடிந்ததும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

விலகலாமா என்றால், இப்போதே வேண்டாம். மேலே சொன்னபடி ஒரு சுற்று, தேதி குறித்து முயன்று பாருங்கள். படத்தை நிறுத்தாமல் முழுதாகப் பார்க்க உட்காரவே இயக்குநர் சம்மதிக்கவில்லை, அல்லது லாக் தேதி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை என்றால் விலகுங்கள். அந்தப் படம் பதினாறாவது வெர்ஷனிலும் முடியாது.

விலகும்போது கோபத்தில் டிரைவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். புராஜெக்ட் கோப்பு, எல்லா வெர்ஷன்களின் பட்டியல், எந்த இசை உரிமம் பெற்றது எது தற்காலிகம் என்ற குறிப்பு, பயன்படுத்திய எழுத்துருக்கள், காணாமல் போன கிளிப்புகள் ஏதாவது இருந்தால் அதன் விவரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் மின்னஞ்சல் வாங்குங்கள். டைட்டில் பெயரை அதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். உங்கள் கட்டமைப்பை வைத்துக்கொண்டே அடுத்தவர் வேலை செய்தால், இருவர் பெயரும் எடிட்டிங் என்று சேர்ந்து வருவது நியாயம். பெரும்பகுதி மாறிவிட்டால் ‘கூடுதல் எடிட்டிங்’ என்று போடுவார்கள், அதுவும் மரியாதையான இடம்தான். முடிந்த படத்தைப் பார்த்த பிறகு உங்கள் பெயர் வேண்டாம் என்று தோன்றினால் எடுக்கச் சொல்லும் வாய்ப்பையும் அதே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.